சாவடி இல்லாத பயணம்

கரையான்சாவடியில் வாழும் தம்பதியர் இருவர், சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நம்மைச் சந்தித்தனர். கணவர் ஆவடியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மூவரும் கரையேறிவிட்டனர். "உரோமை, லூர்து, பாத்திமா மூன்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இவளுக்கு நெடுநாள் ஆசை. பன்னிரண்டு நாட்களில் ஐந்து நாடுகள் என்று விளம்பரம் செய்கிறார்கள். போகலாமா? நீங்கள்தான் பலமுறை ஆட்களை அழைத்துச் சென்றவராயிற்றே!" என்று கேட்டார் கணவர். மனைவியோ, "அவ்வளவு பணத்தை நமக்காகவே செலவழிப்பது பாவமில்லையா, ஐயா?" என்று வேறொரு வினாவை எழுப்பினார்.

இரண்டு வினாக்களுக்கும் அங்கேயே விடை கூற நமக்கு இயலவில்லை. வீடு திரும்பியபின் எண்ணிப் பார்த்தோம். இப்பக்கத்தைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்விகள் எழுந்திருக்கக்கூடும் என்பதால், நம் அனுபவத்தையும், அதில் நாம் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் இங்கே எழுதத் துணிந்தோம்.

நம் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். கரையான்சாவடி, அதை அடுத்துக் குமணன்சாவடி. சாவடி என்பது வழிப்போக்கர் இளைப்பாறும் பொதுவிடம். பூவிருந்தவல்லி வழியாக மேற்கே செல்லும் இந்த நெடுஞ்சாலையில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்ற மக்கள், வெயில் தாழும்வரை தங்குவதற்கும், கட்டுச்சோற்றை அவிழ்ப்பதற்கும், கால் வீக்கம் வடிவதற்கும் இத்தகைய இடங்கள் இருந்தன. இன்று சாவடி என்றால் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வருகிறது. அங்கே எவரும் ஒரு நிமிடம்கூடத் தங்க விரும்புவதில்லை! பயணம் என்ற சொல்லின் பொருள் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இன்றைய ஐரோப்பியத் திருப்பயணம் எப்படி நடைபெறுகிறது என்பதை அறியாதவர்க்காகச் சிறிது கூறுவோம். முதலில் விசா. கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கின் விவரம், தங்குமிடச் சான்று, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, கைரேகையும் பதிந்து வரவேண்டும். பின்னர், நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் விமானமேறி, வளைகுடா நாடொன்றில் இறங்கி மாறி, அடுத்த நாள் லிஸ்பனிலோ உரோமையிலோ கால் வைப்போம். அதன்பின் எல்லாம் பேருந்துதான். காலையில் ஒரு நகரம், மாலையில் மற்றொன்று. கையில் கொடி பிடித்த வழிகாட்டி முன்னே நடக்க, நாற்பது பேர் பின்னே ஓடுவர். கருங்கல் பதித்த தெருக்களில் நம் ஊர்ச் செருப்புகள் இரண்டு நாட்களில் அறுந்துபோகும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் இல்லையேல் மூன்றாம் நாள் முதியோர் உண்பதையே நிறுத்திவிடுவர்.

அந்நாடுகளில் பேருந்து ஓட்டுநர்க்கென ஒரு சட்டம் உண்டு. தொடர்ந்து நான்கரை மணி நேரம் வண்டி ஓட்டினால், நாற்பத்தைந்து நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வாரத்தில் இரு நாட்கள் மட்டும் பத்து மணி நேரம்வரை ஓட்டலாம். வண்டியில் பொருத்தப்பட்டுள்ள கருவியொன்று ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்துகொண்டேயிருக்கும். காவல்துறையினர் நிறுத்திப் பார்த்தால், மீறியவர்க்குத் தண்டம் உறுதி. ஆகவே, குழுவை அழைத்துச் செல்லும் நம் போன்றோர்க்குக் கடிகாரமே எசமானன். இதை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நாம் செய்த பிழை இந்தக் கடிகாரத்தோடு தொடர்புடையது.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம். முப்பத்தெட்டுப் பேர் கொண்ட குழுவோடு லூர்து நகருக்குச் சென்றிருந்தோம். 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, பதினெட்டு முறை தேவதாய் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமிக்குக் காட்சியளித்த இடம் அது. மசபியேல் கெபியின் முன்னே காவ் ஆறு சலசலத்து ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி தொடங்குகையில், அந்தக் கோடைக்காலத்தில் வானில் இன்னும் வெளிச்சம் இருக்கும். சக்கர நாற்காலிகளிலும் கட்டில் வண்டிகளிலும் நோயாளிகளே முன்வரிசையில் செல்ல, உடல்நலம் உள்ளோர் அவர்களுக்குப் பின்னே செல்வர். நோயாளிக்கு முதலிடம் என்பது அவ்வூரின் எழுதப்படாத முறை.

எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய கைம்பெண் ஒருவர் இருந்தார். நம் பகுதியைச் சேர்ந்தவர்தாம். பயணம் முழுவதும் எவரிடமும் எதையும் கேட்டவரில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் புறப்பட்டாக வேண்டும். அடுத்த தங்குமிடம் எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பிரான்சின் தென்கடற்கரையில் இருந்தது. அன்று விடியற்காலை, கெபியின் முன் முழந்தாளில் இருந்த அந்த அம்மையாரை அழைக்க நாமே சென்றோம்.

"தம்பி, நூற்று ஐம்பத்து மூன்று மணியும் இங்கேயே முழந்தாள்ல இருந்து சொல்றதா மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன். ஐம்பத்து மூன்று முடிச்சிட்டேன். இன்னும் நூறு மணி பாக்கி இருக்குது. முக்கால் மணி நேரம் கொடுப்பீங்களா?" என்றார் அவர்.

அவருடைய இரு மகன்களும் ஒரு மனையைப் பங்கிடுவதில் பகைத்து, ஆறு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தனர் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்த நேர்ச்சை எதற்காக என்று கேட்கத் தேவையே இல்லை. ஆயினும் நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். "வண்டி நிற்காது, அம்மா. மீதியை வண்டியிலேயே சொல்லிக்கொள்ளலாம். மாதா ஏற்றுக்கொள்வார்" என்றோம்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கையை ஊன்றி எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, செபமாலையைச் சிறு பையில் வைத்து எம்மோடு நடந்தார். பேருந்தில் ஏறியபின் அந்தப் பையை அவர் திறக்கவே இல்லை.

பகல் பதினொன்றரை மணி அளவில், நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி, இருக்கையைவிட்டு நகர்ந்து, ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டார். சட்டப்படி நாற்பத்தைந்து நிமிட ஓய்வு! எங்கள் மக்கள் கடைக்குள் சென்று சாவிக்கொத்துகளையும் மிட்டாய்ப் பெட்டிகளையும் புரட்டிப் பார்த்தனர். அந்த அம்மையார் மட்டும், லாரிகள் வரிசையாக நின்ற இடத்துக்கு எதிரே, சிமெண்டுத் திண்ணை ஒன்றில் அமர்ந்திருந்தார். அவர் கேட்டதும் அதே முக்கால் மணி நேரந்தான். மாதாவின் கெபியில் நாம் கொடுக்க மறுத்ததைப் பெட்ரோல் நிலையத்தில் சட்டம் எல்லாருக்கும் வாரி வழங்கியது. அந்த நாற்பத்தைந்து நிமிடங்களைப்போல் நீண்ட நேரத்தை நாம் வாழ்நாளில் அறிந்ததில்லை.

புறப்பாட்டை முந்திய இரவே ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இரவு உணவு சற்றே ஆறியிருக்கும், கடற்கரையில் படம் எடுக்கும் நேரம் போயிருக்கும், அவ்வளவே. ஓட்டுநர் ஓய்வெடுக்க வேண்டும் என்பதைச் சட்டம் கவனித்துக்கொள்கிறது. திருப்பயணிக்குச் செபிக்க நேரம் வேண்டும் என்பதைக் கவனிக்க வழிகாட்டியைத் தவிர வேறு எவர் இருக்கிறார்? அந்தக் கடமையில் நாம் தவறிவிட்டோம்.

மறு ஆண்டு, 2019ஆம் ஆண்டின் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பரங்கிமலை அடிவாரத்தில் அந்த அம்மையாரைக் கண்டோம். கரையான்சாவடியிலிருந்து மகனின் வண்டியில் வந்து, சிலுவைப்பாதையில் சேர்ந்து ஒவ்வொரு படியாக மேலேறி, இறங்கி வந்திருந்தார். "லூர்துல விட்ட நூறு மணியை இங்க முடிச்சிடலாம்னு வந்தேன், தம்பி. அதுவும் மாதா கோவில்தானே!" என்றார். மன்னிப்புக் கேட்க நாம் வாயெடுக்கும் முன்னரே, "நீங்க என்ன செய்வீங்க? வண்டி நேரம்!" என்று நம்மைத் தேற்றினார். அந்தச் சொல் நம்மை மேலும் தலைகுனியச் செய்தது. தாயைப் படிகளில் கைப்பிடித்து இறக்கி வந்தவர் இளைய மகன். மூத்தவர் அதுவரை பேசவில்லை. "அவனும் வருவான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குன்றின் உச்சியில் உள்ள மாதா கோவிலைப் போர்த்துகீசியர் 1523ஆம் ஆண்டு கட்டினர். 1547ஆம் ஆண்டு அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இன்றும் பீடத்தில் விளங்குகிறது. திருத்தூதர் புனித தோமையார் இரத்தம் சிந்திய இடமென நம் முன்னோர் போற்றிய குன்று அது. கரையான்சாவடியிலிருந்து போரூர் வழியே நேராகச் செல்லும் சாலை அங்கேதான் கொண்டு சேர்க்கிறது. அந்தச் சாலையில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தும் ஒருமுறையேனும் மலையேறாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களும் பாத்திமாவுக்குப் பெயர் பதிவு செய்கின்றனர்.

அந்த நிகழ்ச்சிக்குப்பின் நம் பயண ஒழுங்கை மாற்றினோம். இரண்டு நகரங்களை நீக்கினோம். லூர்தில் மூன்று இரவுகள் தங்குவதென முடிவு செய்தோம். அவற்றின் நடுவே ஒரு நாளை எந்த நிகழ்ச்சியும் இன்றி விட்டோம். குழுவில் மிக முதியவரை முன்னால் நடக்கவிட்டு, மற்றோர் அவர் வேகத்திலேயே பின்தொடர வேண்டும் என்று வகுத்தோம். எல்லாரும் இதை வரவேற்றனர் என்று சொன்னால் பொய்யாகும். "பணம் அதே பணம், இரண்டு ஊர் குறைந்துவிட்டதே!" என்று முணுமுணுத்தவரும் உண்டு. வேறு குழுவை நாடிச் சென்றவரும் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. வாழ்வில் ஒரே முறை செல்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பது இயல்பே.

ஆனால், திருச்சபையின் பழைய வழக்கம் இவ்வாறு ஓடவில்லை. ஆல்ப்ஸ் மலையின் உச்சிக் கணவாய் ஒன்றில், பதினோராம் நூற்றாண்டில் புனித பெர்னார்து என்னும் குரு வழிப்போக்கர் விடுதி ஒன்றை நிறுவினார். பனியில் சிக்கியோர் உயிர்பிழைக்க அமைத்த அந்தச் சாவடியில், துறவியர் இன்றளவும் விருந்தோம்பி வருகின்றனர். உரோமை நகரில் புனித பிலிப்பு நேரி 1548ஆம் ஆண்டு ஒரு சபையை ஏற்படுத்தினார். 1550ஆம் ஆண்டு யூபிலிக்கென நடந்தே வந்த ஏழைத் திருப்பயணியரை அச்சபையினர் வரவேற்று, உணவும் படுக்கையும் அளித்தனர். புழுதி படிந்த அவர்களுடைய கால்களைக் கழுவுவதும் அச்சபையாரின் தொண்டாக இருந்தது. வந்தவர் எத்தனை கோவில்களைப் பார்த்தார் என்று எண்ணுவதற்கு முன், அவர் கால்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தனர்!

நம் சென்னைக் கடற்கரையோடு தொடர்புடைய ஒரு பயணத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1778ஆம் ஆண்டு, கேரளத்தின் தோமா கிறிஸ்தவர் சார்பில் கரியாட்டில் யோசேப்பு, பாறேம்மாக்கல் தோமா என்னும் இரு குருக்கள் இங்கே வந்து கப்பலேறினர். தம் மக்களின் குறைகளை உரோமையில் முறையிடுவதே அவர்களது நோக்கம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, பிரேசில் நாட்டையும் தொட்டு, மறு ஆண்டுதான் லிஸ்பனை அடைந்தது. அவர்கள் உரோமையில் கால் வைத்தது 1780ஆம் ஆண்டின் தொடக்கத்தில். 1783ஆம் ஆண்டு லிஸ்பனில் பேராயராகத் திருநிலை பெற்ற கரியாட்டில், 1786ஆம் ஆண்டு கோவா வரை வந்து சேர்ந்து, தம் மக்களைக் காணாமலே அங்கு உயிர்நீத்தார். உடன் சென்ற தோமா கத்தனார் எழுதிவைத்த 'வர்த்தமானப் புஸ்தகம்' இந்திய மொழிகளில் தோன்றிய முதற் பயண நூல் எனப் போற்றப்படுகிறது. எட்டாண்டுப் பயணம் அது! பன்னிரண்டு நாட்களில் திரும்பும் நாம், விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் கொதித்தெழுகிறோம்.

எதிர்த்திசையில் வந்தவர்களையும் மறத்தல் ஆகாது. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த புனித அருளானந்தர், ஒருமுறை தாயகம் சென்றபோது அங்கேயே தங்கும்படி அரசரே வேண்டியும், மறவர் நாட்டுக்குத் திரும்பி, 1693ஆம் ஆண்டு ஓரியூரில் தலைகொடுத்தார். வடஇத்தாலியில் காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் 1680ஆம் ஆண்டு பிறந்த வீரமாமுனிவர், தமிழே தம் மொழியென வாழ்ந்து, மீண்டும் தம் ஊரைக் காணாமலே இம்மண்ணிற் கலந்தார். தமிழ்ச் சொற்கள் முதன்முதலில் அச்சேறியதும் லிஸ்பன் நகரில்தான். 1554ஆம் ஆண்டு, அங்கு வாழ்ந்த நம்மவர் சிலரின் உதவியோடு, உரோமன் எழுத்துகளில் செபங்களைத் தாங்கிய சிறுநூல் ஒன்று அங்கே வெளிவந்தது. குழுவினரோடு லிஸ்பன் வீதியில் நடக்கும்போதெல்லாம் இதை அவர்களுக்குச் சொல்வோம். அதைக் கேட்டபின், அந்நகரம் அவர்களுக்கு அயலூராகத் தோன்றுவதில்லை.

இத்தாலியின் கிழக்குக் கரையில் ஓர்த்தோனா என்றோர் ஊர் உண்டு. மயிலையில் அடக்கம் செய்யப்பட்ட புனித தோமையாரின் திருப்பண்டங்கள் எதேசா நகருக்கும், பின்னர் கீயோஸ் தீவுக்கும் சென்று, 1258ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்தன என்பது மரபு. 1943ஆம் ஆண்டின் போரில் சிதைந்த அவரது பேராலயம், பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. விளம்பரங்களில் இவ்வூரின் பெயர் பெரும்பாலும் இராது. நாங்கள் அங்கே சென்றபோது, கோயிற்பிள்ளை எங்களை யாரென வினவினார். சென்னையிலிருந்து, தோமையாரின் மலையடியிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும், தாமே விளக்கை ஏற்றி, கல்லறைச் சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்று, நாங்கள் தமிழில் செபித்து முடிக்கும்வரை வாயிலில் காத்து நின்றார். எவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மையார் அன்று எங்களோடு இருந்திருக்கலாகாதா என்று மனம் ஏங்கிற்று.

இப்போது நம் தம்பதியர்க்கு விடை கூறுவோம். போகலாம், தாராளமாகப் போகலாம். உழைத்துச் சேர்த்த பணத்தில், எவர்க்கும் கடன்படாமல், மனைவியின் நெடுநாள் வேண்டுதலை நிறைவேற்றுவது பாவமன்று. ஆனால் கடன் வாங்கியோ, பிள்ளையின் திருமணத்துக்கென வைத்ததை எடுத்தோ செல்ல வேண்டா. விசாவுக்காக வட்டிக்குப் பணம் வாங்கி வங்கிக் கணக்கில் காட்டுவோரும் உண்டு. பொய்யில் தொடங்கும் பயணம் திருப்பயணம் ஆகாது.

பெயர் கொடுக்குமுன் அழைத்துச் செல்பவரிடம் சில வினாக்களைக் கேளுங்கள். எத்தனை நாடுகள் என்று கேட்பதைவிட, ஒவ்வோரிடத்திலும் எத்தனை இரவுகள் என்று கேளுங்கள். நாள்தோறும் திருப்பலி உண்டா, பேருந்தில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், மூட்டுவலி உள்ளவர் தளர்ந்தால் உடன் நிற்க ஆள் உண்டா என்பனவற்றையும் கேளுங்கள். புதன்கிழமைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்குரிய சீட்டு இலவசம். லூர்து ஊற்றின் நீரும் இலவசம். இவற்றுக்கென எவரேனும் தனிக்கட்டணம் கேட்டால் விழிப்பாயிருங்கள். மெத்தென்ற, மூடிய காலணியை ஒரு மாதம் முன்பே வாங்கி, நம் தெருவிலேயே நடந்து பழகுங்கள். நேர்ச்சை ஏதேனும் இருந்தால், வெட்கப்படாமல் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தாலும், நீங்கள் உரிமையோடு கேளுங்கள்.

அனைத்துக்கும் முன்னதாக, புறப்படும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இருவரும் பரங்கிமலைக்குச் சென்று வாருங்கள். படிகளில் மூச்சு வாங்கினால் அமர்ந்துகொள்ளுங்கள். ஒருவர் தளரும்போது மற்றவர் காத்திருக்கப் பழகுங்கள். உரோமைக்குச் செல்ல அதைவிடச் சிறந்த ஆயத்தம் இல்லை.

உயிர்த்த நம் ஆண்டவர், எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவரோடு வழிநடந்ததை நாம் அறிவோம். துயரத்தால் தளர்ந்த அவர்களை அவர் விரைவுபடுத்தவில்லை. அவர்கள் நடையிலேயே நடந்தார். அப்பால் செல்பவர்போல் காணப்பட்டும், பொழுது சாய்ந்தது, எங்களோடு தங்கும் என்று அவர்கள் வேண்டியபோது மறுக்காமல் உள்ளே சென்றார். அங்கே, அவர் அப்பத்தைப் பிட்கையில், அவர்கள் கண்கள் திறந்தன. அவர் தங்காமற் போயிருந்தால், அந்த நெடுவழியில் உடன் நடந்தவர் யார் என்பதை அவர்கள் அறியாமலே போயிருப்பர்.

அந்த வழித்துணைவரிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் மிகுதி. கரையான்சாவடித் தம்பதியர் நலமே சென்று நலமே மீள அவர் அருள்வாராக. கெபியின் முன் மண்டியிடுகையில், இன்னும் பேசாதிருக்கும் அந்த மூத்த மகனுக்காகவும் ஒரு மணி உருட்டும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.